மரச்சீவலில் புகை போட்ட குடுவை ஏன் கருக்கவில்லை?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: சக்கரம் இல்லாமல் கையாலேயே சில அலங்காரக் குடுவைகள் செய்து காயவைத்தீர்கள். மொட்டை மாடியில் ஒரு தகர டின்னில் மரச்சீவலைப் போட்டு, குடுவைகளை அதில் புதைத்துப் புகை மூட்டினீர்கள். பளபளப்பான கருப்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் சாம்பலும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. இரண்டில் விரிசல். ஒன்றில் தண்ணீர் ஊற்றியதும் அடிப்பாகம் கரைந்துவிட்டது. வீட்டில் சூளை இல்லை. எங்கே தவறியது, அடுத்த முறை என்ன செய்வது?

கரைந்துபோன குடுவைதான் முக்கியமான தகவலைச் சொல்கிறது. உங்கள் குடுவைகள் வேகவே இல்லை. வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் களிமண்ணின் துகள்களுக்குள் வேதிப்பிணைப்பாக நீர் இருந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அது வெளியேறி, மண் திரும்பவும் குழையாத பொருளாக மாறுகிறது. டின்னில் எரியும் மரச்சீவல் அந்தச் சூட்டைப் பானை முழுக்கச் சீராகக் கொடுக்காது. ஒரு பக்கம் எட்டியிருக்கலாம், அடியில் எட்டியிருக்காது. ஆக உங்கள் கையில் இருப்பது புகையேறிய பச்சை மண்.

சுடுவதும் புகை போடுவதும் இரண்டு தனி வேலைகள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நெருப்பில் இரண்டையும் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தலைமுறைக் கணக்கில் கைப்பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் சான் இல்டெஃபான்சோ ஊரைச் சேர்ந்த மரியா மார்ட்டினெஸ் (1887–1980) அப்படிச் செய்தவர். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணைத் திரி திரியாக அடுக்கிக் கையாலேயே பானை கட்டுவார், செம்மண் குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்ப்பார். பானைகளைத் தகரத் தகடுகளால் மூடி, சுற்றிலும் விறகும் காய்ந்த சாணமும் வைத்து எரிப்பார்கள். சூடு போதுமான அளவுக்கு ஏறியதும் பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி நெருப்பை அமுக்கிவிடுவார்கள். அப்படி அமுக்காமல் விட்டால் அதே பானை சிவப்பாக வரும். அமுக்கினால் கருப்பு. அவருடைய கணவர் ஜூலியன், மெருகேற்றிய பரப்பின்மேல் மண்குழம்பால் கோலம் தீட்டுவார். தீட்டிய இடம் மங்கலாகவும் தீட்டாத இடம் கண்ணாடி போலவும் வரும், இரண்டுமே கருப்பு. 1919–20 வாக்கில் அவர்கள் கண்டெடுத்த இந்த முறைதான் அந்தச் சிற்றூரை உலகெங்கும் அறியவைத்தது.

புதிதாகப் பழகுகிறவருக்கு நான் சொல்வது, இரண்டையும் தனித்தனியாகச் செய்யும் வழி. கென்யாவில் பிறந்து பிரிட்டனில் வேலை செய்யும் மக்தலீன் ஒடுண்டோவின் குடுவைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அவரும் கையால்தான் கட்டுகிறார். முதல் முறை நல்ல காற்றோட்டத்தில் சுடுகிறார், அப்போது குடுவை ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். கருப்பு வேண்டுமென்றால் அதையே இரண்டாம் முறை காற்றில்லாத புகைச்சூழலில் சுடுகிறார். முதல் சூட்டிலேயே பானை உறுதியாகிவிடுவதால் இரண்டாம் சூட்டில் நிறத்தை மட்டும் கவனித்தால் போதும்.

சரி, கருப்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு வழியில். புகையிலுள்ள கரி, சுட்ட மண்ணின் நுண்துளைகளுக்குள் போய் அடைகிறது. அது ஒன்று. இன்னொன்று, மண்ணுக்குச் சிவப்புத் தரும் இரும்பு ஆக்சைடிலிருந்து, காற்றுக்குத் தவிக்கும் நெருப்பு கொஞ்சம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, இரும்பு கருநிற ஆக்சைடாக மாறுகிறது. இதற்கு நல்ல சூடு வேண்டும். டின்னில் போடும் மரத்தூள் புகையில் பெரும்பாலும் முதல் வழிதான் வேலை செய்கிறது. கரி மண்ணுக்குள் நுழைந்தால் மட்டும் போதாது, அங்கேயே தங்கவும் வேண்டும். சூடாக இருக்கும்போது காற்று பட்டால் அந்தக் கரி எரிந்து போய்விடும். உங்கள் திட்டுகளுக்குக் காரணம் இதுதான். காற்று புகுந்த இடங்களில் கரி எரிந்து பழுப்பாகிவிட்டது. பக்கத்தில் மூச்சு முட்டிய இடங்கள் சாம்பலாக நின்றுவிட்டன.

சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருந்தால் இந்த வேலையின் சூட்சுமம் பாதி தெரிந்த மாதிரி. மூட்டத்தில் எங்கேயாவது மண் விண்டு காற்றுப் புகுந்தால் அந்த இடத்து விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும். உங்கள் டின்னிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது.

நம் ஊர்ப் பழைய பானைகளிலும் இந்தக் காற்றுக் கணக்குத் தெரியும். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி என்று தோண்டிய இடங்களிலெல்லாம் கருப்பு-சிவப்புப் பாண்டங்கள் கிடைக்கின்றன. உட்புறமும் வாய்விளிம்பும் கருப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்று போகாமல் கருத்தது, வெளியே காற்று பட்டுச் சிவந்தது என்பதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உங்களுக்கு இதில் ஒரு யோசனையும் இருக்கிறது. குடுவையை மரத்தூளில் எப்படி வைக்கிறீர்கள் என்பதே ஓர் அலங்காரம். பாதி மட்டும் புதைத்தால் இரு நிறம் கிடைக்கும், எல்லைக்கோடு புகை மாதிரியே மெல்லக் கரைந்து போகும்.

இனி மண்ணுக்கு வருவோம். விரிசலுக்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

கடையில் வாங்கும் வழுவழுப்பான களிமண் தனியாக இந்த வேலைக்கு ஆகாது. புகைச்சூளையில் சூடு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. அதைத் தாங்க மண்ணுக்குள் கொஞ்சம் முரடு வேண்டும். மெல்லிய ஆற்று மணலோ, உடைந்த செங்கல் அல்லது பானையை இடித்துச் சலித்த தூளோ, ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். ஏரி மண்ணோ கண்மாய் மண்ணோ எடுத்தால் கரைத்து வடிகட்டாமல் பயன்படுத்தாதீர்கள். உள்ளே சுண்ணாம்புக் கல் துணுக்கு இருந்தால், சுட்டுச் சில நாள் கழித்து அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். நன்றாக இருந்த குடுவையில் திடீரென்று ஒரு சில்லு பெயர்ந்து விழும்.

கட்டும்போது சுவரின் கனம் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிட முக்கியம், எங்கும் ஒரே கனம். கையால் கட்டுபவர்கள் அடியைத் தடியாக விட்டுவிடுவார்கள், கழுத்தை மெல்லியதாக இழுத்துவிடுவார்கள். அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் விரிசல் தொடங்கும். திரி வைத்துக் கட்டினால் ஒவ்வொரு திரியையும் உள்ளும் புறமும் கீழுள்ளதோடு இழைத்துவிடுங்கள். வெளியே மட்டும் இழைத்து உள்ளே அழகுக்காக வரிவரியாக விடுவது சூடான அடுப்பில் பானையைப் பிரித்துவிடும். கொட்டாங்குச்சியை உடைத்து ஓரத்தை உரசி வழவழப்பாக்கிக்கொண்டால், சுரண்டிக் கனம் சமப்படுத்த அதைவிட நல்ல கருவி கடையில் கிடையாது. வடிவத்தில் உருண்டைக்கு ஆயுள் அதிகம். தட்டையான அகன்ற அடியும் கூர்மையான மூலைகளும் இந்த வேலைக்குப் பகை. அடியை லேசாகக் குழிவாகவோ உருண்டையாகவோ முடியுங்கள்.

உங்கள் முழு உழைப்பும் போக வேண்டிய இடம் மெருகு. புகை எதையும் பளபளப்பாக்காது. பளபளப்பு ஏற்கெனவே இருந்தால் அதைக் கருப்பாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். சொரசொரப்பான பரப்பில் புகை ஏறினால் அடுப்பங்கரைச் சுவர் மாதிரிதான் தெரியும்.

நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, தொட்டால் இன்னும் குளிர்ச்சி தெரியும் என்ற பதத்தில் முதல் தேய்ப்பு. வழவழப்பான கூழாங்கல் அல்லது எவர்சில்வர் கரண்டியின் முதுகு போதும். சின்னச் சின்ன வட்டமாக, ஓர் அங்குலமும் விடாமல் தேய்க்க வேண்டும். துருத்தியிருந்த மணல் துகள்கள் உள்ளே போய், மெல்லிய களிமண் துகள்கள் மேலே தட்டையாகப் படியும். அதுதான் மினுமினுப்பு. மண் மேலும் காய்ந்து சுருங்கும்போது இந்த மினுமினுப்பு கொஞ்சம் மங்கும், பயப்பட வேண்டாம், மறுபடி தேய்க்கலாம். முழுக்கக் காய்ந்த பிறகு வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் கறையாகத் தெரியும்.

இன்னும் நேர்த்தி வேண்டுமென்றால் மிக நுண்ணிய மண்குழம்பு தயாரிக்கலாம். ரோமானியர்களின் சிவப்புப் பாண்டங்களை வைத்து இதை டெரா சிஜிலாட்டா என்கிறார்கள். உலர்ந்த களிமண் 1 கிலோ, தண்ணீர் இரண்டேகால் லிட்டர் சுமார், சோடியம் சிலிகேட் (நுண்துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கவைப்பது) 5 கிராம். நன்றாகக் கலக்கி ஒரு கண்ணாடி ஜாடியில் 20 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே நீர், அடியில் வண்டல், நடுவே ஒரு குழம்பு என்று பிரிந்திருக்கும். நடுக்குழம்பை மட்டும் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்து, எலும்பாகக் காய்ந்த குடுவைமேல் மெல்லிசாக மூன்று நான்கு பூச்சு. பூச்சின் ஈரம் மங்கியதும் மெல்லிய பிளாஸ்டிக் பையை விரலில் சுற்றித் தேய்த்தால் பட்டுப் போல வரும். கல்லால் மணிக்கணக்கில் தேய்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை, அவர்களுக்கு இது வரம். என்னைக் கேட்டால் கல் தேய்ப்பில் வரும் லேசான மேடுபள்ள மினுக்கு இன்னும் அழகு.

முதல் சூட்டுக்கு வீட்டில் சூளை தேவையில்லை. பக்கத்து ஊரில் பானை செய்பவர் யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள். கார்த்திகைக்கு முன்பு அகல் விளக்குச் சூளை, தை பிறக்குமுன் பொங்கல் பானைச் சூளை என்று அடுக்குவார்கள். பெரிய பானைக்குள் உங்கள் குடுவையை வைத்துவிட இடம் இருக்கும். விறகும் வரட்டியும் வைக்கோலும் எரியும் அந்தச் சூளை பொதுவாக 700 முதல் 900 டிகிரி வரை போகும், நமக்கு வேண்டியதும் அதுதான். உரிய கூலியைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள், கூடவே அவர் அடுக்கும் விதத்தையும் நின்று பாருங்கள்.

மின்சூளை வைத்திருக்கும் ஸ்டுடியோவில் கொடுத்தால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு போடுகிறவர்கள் முதல் சூட்டை வழக்கமாக 1000 டிகிரி அளவில் வைப்பார்கள். உங்களுக்கு 900, மிஞ்சினால் 950. சூளைச் சூட்டை அளக்க வைக்கும் கூம்புகளின் (கோன்) கணக்கில் 010 அல்லது 08. அதற்கு மேல் போனால் நீங்கள் தேய்த்த மெருகு மங்கிவிடும், துளைகளும் குறுகிப் புகை உள்ளே ஏறாது. சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் 573 டிகிரியில் மண்ணிலுள்ள படிகக் கல் சட்டென்று பருமன் மாறும். அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்கச் சொல்லுங்கள்.

இப்போது புகை. நீங்கள் பயன்படுத்திய மரச்சீவல் தச்சரின் இழைப்புளியில் சுருள் சுருளாக வரும் ரகம். சுருள்களுக்கு நடுவே காற்று தாராளமாக இருக்கும், சடசடவென்று எரிந்து சூடு குதிக்கும். மர அறுவை மில்லில் கிடைக்கும் மாவு போன்ற தூள் வேண்டும். பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளைப் பசையால் அழுத்திய பலகை) அறுத்த தூளை வாங்காதீர்கள், அதிலுள்ள பசை எரிந்தால் நச்சுப்புகை. அறுவைத் தூள் கிடைக்காத ஊரில் நெல் உமி நல்ல மாற்று. உத்தரப் பிரதேசத்தின் நிஜாமாபாத் கருப்புப் பாண்டத்துக்குப் புகை கொடுப்பதும் உமிதான். (அந்தப் பானைகளின் செதுக்குக் கோடுகளில் மின்னும் வெள்ளி நிறம் துத்தநாகமும் பாதரசமும் சேர்ந்தது. பார்த்து ரசியுங்கள், வீட்டில் முயல வேண்டாம்.)

டின்னையும் கவனியுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாளி, டிரம் எதுவும் கூடாது, சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகி நுரையீரலைப் பிடிக்கும். வெறும் இரும்பு டின் அல்லது சாந்து வைக்காமல் அடுக்கிய செங்கல் பெட்டி போதும். மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்தால் கான்கிரீட் வெடித்துத் தெறிக்கலாம். கீழே மணல் பரப்பி இரண்டு வரிசை செங்கல் வைத்து அதன்மேல் வையுங்கள். உண்மையைச் சொன்னால் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த வேலையே வேண்டாம். அரை நாளுக்கு மேல் புகையும், பக்கத்து வீட்டில் குழந்தைக்கு இழுப்பு இருந்தால் உங்கள் கலையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஊர்ப்புறத்தில் தெரிந்தவர் தோட்டம் ஏதாவது பாருங்கள்.

அடியில் நான்கு விரற்கடை தூள், அதன்மேல் குடுவை. குடுவைக்குள்ளும் தூளை நிரப்புங்கள். குடுவைக்கும் டின் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி, மேலே மறுபடி நான்கு விரற்கடை தூள், எல்லாவற்றையும் கையால் அமுக்கி இறுக்க வேண்டும். தாளும் சிராய்த்துண்டும் வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். மேற்பரப்பு முழுக்கச் சிவந்து கனிந்த பிறகு மூடி போட்டு ஒரு நூலிடை மட்டும் விட்டுவிடுங்கள். நெருப்பு மேலிருந்து கீழே தானாக இறங்கும். தூளைப் பொறுத்து 12 முதல் 24 மணி நேரம் ஆகும். நடுவில் திறந்து பார்க்கும் ஆசைதான் இந்த வேலையின் பெரிய எதிரி. திறந்தால் காற்று பட்டுக் கரி எரியும், குளிர்க்காற்று பட்டு விரிசலும் விழும். டின்னின் வெளிப்புறத்தில் கை வைத்தால் சூடே தெரியக் கூடாது, அப்போதுதான் திறக்கலாம்.

இந்த முறையில் வருவது கருப்பும் சாம்பலும் கலந்த மேகமூட்டம். நீங்கள் கேட்ட ஒரே சீரான கருப்புக்கு இன்னொரு படி உண்டு. குடுவையை ஒரு சின்ன டின்னுக்குள் தூளோடு அடைத்து, மூடியின் விளிம்பைச் சேற்றால் பூசி, வாயு வெளியேற ஊசித்துளை ஒன்று மட்டும் விடுங்கள். அந்த டின்னை விறகு நெருப்புக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குமேல் நன்றாகச் சூடேறவிட்டு, நெருப்போடு சேர்ந்தே ஆறவிடுங்கள். உள்ளே தூள் எரிய வழியில்லாமல் கரியாகிறது, அந்தப் புகை முழுக்கக் குடுவைக்குள் போகிறது.

கோலத்துக்கு என் விருப்பம் மண்குழம்பு மறைப்பு. சுட்ட குடுவைமேல் கெட்டியான மண்குழம்பால் கோடு போட்டு, காயவிட்டுப் புகை போட்டால், பின்னர் குழம்பை உரித்தெடுக்கும்போது அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். வேப்பிலையையோ புல்லையோ ஒட்டி அதன் சுற்றுவட்டாரத்தில் பூசினால் இலையின் வடிவம் கருப்பாகவே பதியும். மயில்துத்தம் (செப்பு சல்பேட்), அன்னபேதி (இரும்பு சல்பேட்), உப்பு எல்லாம் தூவிப் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு வரவழைப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். திறந்த வெளியில் குழிச்சூளை போடுபவர்கள், முகமூடியோடு செய்வது அது. மாடிக்கு ஏற்றதல்ல. அதோடு, நல்ல மெருகும் முழுக்கருப்பும் கைவந்த பிறகுதான் நிறத்தில் கை வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

எடுத்த குடுவையைத் துணியால் துடைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே தேன்மெழுகு மெல்லிசாகத் தடவித் தேயுங்கள். கருப்பு ஆழமாகும். ஆனால் தண்ணீர் நிற்காது, சாப்பாட்டுக்கும் ஆகாது. இது உங்கள் கைக்குறை இல்லை, இந்த முறையின் இயல்பே அதுதான். மெக்சிகோவில் வஹாக்கா மாநிலத்தின் சான் பார்த்தோலோ கோயோத்தெபெக்கில் பழைய கரும்பாண்டங்கள் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தன, மெஸ்கல் மதுவைச் சுமக்கும் அளவுக்கு உறுதியானவை. 1950களில் தோன்யா ரோசா என்ற பெண்மணி, மண்ணைப் படிகக் கல்லால் தேய்த்துக் கொஞ்சம் குறைந்த சூட்டில் சுட்டுப் பளபளக்கும் கருப்பைக் கொண்டுவந்தார். ஊருக்குப் பேர் வந்தது, பானைக்குள் தண்ணீர் தங்குவது போயிற்று. காய்ந்த பூ வையுங்கள், பச்சைப்பூ என்றால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிக்கொள்ளுங்கள். விற்பதாக இருந்தால் அலங்காரத்துக்கு மட்டும் என்று எழுதியே கொடுங்கள்.

உங்கள் பழைய குடுவைகளில் விரிசல் இல்லாதவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாகக் காயவைத்து அப்படியே முதல் சூட்டுக்குக் கொடுக்கலாம். சூளையில் காற்று பட்டால் பழைய புகைக்கறை எல்லாம் எரிந்து போய்ச் சிவப்பாகத் திரும்பும், அப்புறம் புதிதாகப் புகை போடலாம். தேய்க்காமல் விட்டிருந்தால், மேலே பூச்சு ஒன்று போட்டுத் தேய்த்துவிட்டுச் சூட்டுக்கு அனுப்புங்கள். விரிசல் விட்ட இரண்டையும் அதே சூளையில் சேர்த்துச் சுட்டு, அடுத்த புகையில் சோதனைக்கு வையுங்கள். ஆறியதும் உடைத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேல்தோல் மட்டும் கருப்பு, உள்ளே சிவப்பு என்றால் புகை நேரம் போதவில்லை, தூளைக் கூட்டுங்கள். நடுவில் கருப்பாக இருந்து மேல்தோல் வெளிறியிருந்தால் கடைசியில் காற்று புகுந்திருக்கிறது, மூடியைச் சரிபாருங்கள்.